"இலவச" மரபணுப் பரிசோதனையா? சற்றுப் பொறுங்கள்

அமெரிக்காவில் மரபணுப் பரிசோதனைக்கூடத்தின் விற்பனைப் பிரதிநிதி முறைப்படி செல்ல வேண்டிய இடம் மருத்துவரின் அலுவலகம். எந்தச் சோதனை யாருக்குப் பொருந்தும் என்று அவர் விளக்கலாம். எழுதித் தர வேண்டியவர் மருத்துவர்தான்.

நம் விழாக்களில் மேசை போட்டு, பெரியவர்களின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துவிட்டு மெடிகேர் எண்ணைக் கேட்பவர் வேறு ரகம். 2019 செப்டம்பரில் இத்தகைய மோசடிக்காக 35 பேர் மீது அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. மெடிகேருக்குப் போன பில் 210 கோடி டாலருக்கும் மேல்! நோயாளியை நேரில் பார்க்காத மருத்துவர்கள் கையெழுத்திட்டார்களாம். பலருக்குச் சோதனை முடிவே வந்து சேரவில்லையாம்.

பேரப்பிள்ளைகளுக்காக வந்து இங்கேயே தங்கிவிட்ட நம் அப்பா அம்மா, சிரித்துப் பேசுகிறவரிடம் முகத்தை முறிக்கமாட்டார்கள். நாம்தான் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

குடும்பத்தில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் இச்சோதனை உண்மையிலேயே உதவும். குடும்ப மருத்துவர் மூலம் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். இன்னொன்று: 2008-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் காப்பீட்டில் பாதுகாப்புத் தருகிறது, ஆயுள் காப்பீட்டில் அல்ல.

எண்ணை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? மெடிகேரை 1-800-633-4227 என்ற எண்ணில் அழைத்துச் சொல்லுங்கள்.