மயில் யாருக்காக ஆடுகிறது?

மேகம் கறுத்தால் மயில் ஆடும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். நெய்வேலி நகரியத்துக்காரர்களுக்கு இதில் ஒரு சந்தேகம் வர வேண்டும். மரங்கள் அடர்ந்த அந்த ஊரின் குடியிருப்பு வட்டங்களில் மயில்கள் குவார்ட்டர்ஸ் மதிலில் ஏறி நிற்கும், சாலையைச் சாவகாசமாகக் கடக்கும். தென்னிந்தியாவில் அவற்றின் இணைசேரும் காலம் உச்சத்தைத் தொடுவது ஏப்ரல், மே மாதங்களில். மண் கொதிக்கும் கோடை அது. வட இந்தியாவில்தான் ஆட்டமும் மழையும் ஜூனில் சேர்ந்து வருகின்றன. மயிலுக்கு மேகம் வேண்டியதில்லை, பெட்டை வந்தால் போதும்.

ஆட்டத்தின் தொடக்கமே வேடிக்கையானது. ஏறக்குறைய இருநூறு இறகுகள் கொண்ட தோகையை விரித்த ஆண், பெட்டைக்கு முதலில் முதுகைத்தான் காட்டுகிறது. பழுப்புச் சிறகுகளைத் தொங்கவிட்டு நடுக்குகிறது. பெட்டை கொஞ்சம் கிட்டே வந்ததும் சட்டென்று திரும்பி, தோகை முழுவதையும் அதிர வைக்கிறது. விநாடிக்கு ஏறக்குறைய 25 தடவை! காய்ந்த ஓலை சலசலப்பது போல ஓர் ஓசை எழும். அந்த அதிர்விலும் பீலிக்கண்கள் மட்டும் அசையாமல் மிதப்பதாகத் தோன்றும். கண் இருக்கும் இடத்தில் இழைகள் நுண்கொக்கிகளால் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன, சுற்றிலும் உள்ளவை தளர்வாக இருக்கின்றன என்பதே காரணம். 2016இல் சுசான் கேன், ராஸ்லின் டேக்கின் ஆகியோரின் குழு இதை அதிவேகக் கேமராவில் பிடித்தது. வெயில் எந்தப் பக்கம் என்பதையும் ஆண் கணக்கில் வைக்கிறது. தோகையின் நீலமும் பச்சையும் சாயம் அல்ல, இழைக்குள் வரிசையாக அடுக்கியிருக்கும் நுண்துகள்களில் ஒளி பட்டுச் சிதறி வருவது. அதனால் சூரியன் இருக்கும் திசை பார்த்துத் திரும்பி நின்றால்தான் நிறம் பேசும்.

இவ்வளவு பாரத்தை ஏன் ஒரு பறவை சுமக்க வேண்டும்? இந்தக் கேள்வி சார்லஸ் டார்வினைப் படாதபாடு படுத்தியது. பிழைப்புக்கு உதவாத தோகை எப்படி வளர்ந்தது என்பதற்கு 1871இல் அவர் விடை எழுதினார்: பெட்டைகள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தது இது. அந்தக் காலத்தில் பலரால் இதை ஏற்க முடியவில்லை. பெட்டைக்கு அவ்வளவு ரசனையா என்று கேட்டார்கள். எனக்கு டார்வின் எழுதியவற்றிலேயே மிகத் துணிச்சலானது இதுதான் என்று படுகிறது.

விடை சரி. ஆனால் பெட்டை எதைப் பார்த்துத் தேர்கிறது? இங்கிலாந்தில் மரியன் பெட்ரி, தோகையில் கண்கள் அதிகமுள்ள ஆண்களுக்கே இணை அதிகம் கிடைப்பதாக 1991இல் காட்டினார். ஜப்பானில் ஏழு ஆண்டுகள் கவனித்த மரிகோ தகாஹாஷியின் குழு 2008இல் அப்படி ஒன்றும் இல்லை என்றது. 2013இல் ஜெசிகா யோர்சின்ஸ்கி வேறு வழியில் போனார். பெட்டைகளின் தலையில் சின்னஞ்சிறு கேமராக்களை மாட்டி, அவற்றின் பார்வை போகும் இடத்தைப் பதிவு செய்தார். ஆணின் தலையையும் கொண்டையையும் அவை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. தோகையின் கீழ்ப்பகுதியையும் சிறகையும் மேய்ந்தன. பெரும்பாலான நேரம் பார்வை வேறெங்கோ இருந்தது! இரையும் தேட வேண்டும், பகை வருகிறதா என்றும் பார்க்க வேண்டும் அல்லவா.

கண் மட்டுமா? பெட்டையின் கொண்டை இறகுகள், ஆணின் தோகை அதிரும் அதே வேகத்தில் தாமும் அதிரக்கூடியவை என்று 2018இல் தெரியவந்தது. ஆட்டத்தைப் பெட்டை தலையாலும் உணரக்கூடும். இதைப் படித்த பிறகு ஆண் மயிலைவிடப் பெட்டையைத்தான் நான் அதிகம் கவனிக்கிறேன்.

மனிதரிடமும் இப்படி ஒரு சோதனை நடந்தது. நார்த்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தார் 19 ஆண்களை மேளத் தாளத்துக்கு ஆடவிட்டு, அசைவுகளை முகமில்லாத கணினி உருவங்களாக்கிப் பெண்களிடம் காட்டினார்கள். அதிக மதிப்பெண் பெற்றவர்கள், கழுத்தையும் உடம்பையும் பலவிதமாகப் பெரிதாக அசைத்தவர்கள். வலது முழங்காலின் வேகமும் கணக்கில் சேர்ந்தது. அழகையோ உடையையோ பார்க்க வழியே இல்லாதபோதும் பெண்கள் தயங்காமல் தரம் பிரித்தார்கள்.

நம் சங்க இலக்கியமான கலித்தொகையின் முல்லைக்கலியில் அந்தச் சோதனை இன்னும் கடுமையானது. பெண்ணைக் கைப்பிடிக்க ஆயர்குல இளைஞன் காளையைத் தழுவி அடக்க வேண்டும், பெண்கள் பார்த்து நிற்பார்கள். தொழுவில் அடங்கியது காளை என்றாலும் அளக்கப்பட்டது அவனுடைய உடல்தான். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. ஏறு தழுவிய பிறகு ஊர் மன்றத்தில் குரவைக் கூத்து, ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடுவார்கள். பெட்டை மயில் பார்த்துவிட்டுப் போய்விடும். முட்டையிட்டு அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது முழுக்க அதன் வேலை, ஆண் திரும்பியும் பார்க்காது. மனிதக் குழந்தைக்கோ பல ஆண்டுகள் இருவர் கையும் வேண்டியிருக்கிறது. ஆளைத் தேர்வதில் இரு தரப்புக்குமே கவலை உண்டு. குரவையில் அதனால்தான் இரண்டு பேரும் ஆடினார்கள், இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.