வாசலில் நின்று எடுக்கும் கணக்கு

ஆண்டு முடிவில் கல்லூரிகளில் இருப்புச் சரிபார்ப்பு என்று ஒன்று நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆய்வுக்கூட உதவியாளர் தடித்த பதிவேடு ஒன்றை ஏந்தி நிற்பார். வேறு துறையிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் அதை வாங்கி ஒவ்வொரு பெயராகப் படிப்பார். முப்பட்டகம் பன்னிரண்டு, குவிவில்லை எட்டு, நிறுத்தக் கடிகாரம் ஆறு. பொருள் எதிரே இருந்தால் பதிவேட்டில் ஒரு கோடு விழும். இல்லையென்றால் பேச்சு வளரும். வில்லைகளுக்கும் கடிகாரங்களுக்கும் இம்முறை போதும். ஆனால் அதே கல்லூரியின் சுவர்களுக்குள்ளும் கூரைக்கு மேலும் ஓடுகின்ற கணிப்பொறி வலையை எங்ஙனம் கணக்கெடுப்பது?

வலை என்றவுடன் மேசைமேல் உள்ள கணிப்பொறியைத்தான் நாம் நினைக்கிறோம். கண்ணுக்கு எளிதில் தென்படாதவை வேறு பல உண்டு. கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச், வெளியுலகுக்கு வழிகாட்டும் ரௌட்டர், வைஃபை பெட்டி, பிரிண்டர், கண்காணிப்புக் காமிரா, யு.பி.எஸ். ஆகிய யாவும் இவ்வலையின் உறுப்புகளே. இவை ஒவ்வொன்றின் உள்ளேயும் மென்பொருள் ஓடுகிறது. மென்பொருள் ஓடும் இடத்தில் குறை இருக்கும். குறை இருக்கும் இடத்தில் திருடனுக்கு வழி இருக்கும். ஆகவே எத்தனை பெட்டிகள் என்று எண்ணினால் மட்டும் போதாது. ஒவ்வொன்றையும் செய்தவர் யார், அது எந்த வகை, அதன் வரிசை எண் யாது, அதில் ஓடும் மென்பொருள் எந்தப் பதிப்பு என்பனவும் தெரிய வேண்டும்.

கணிப்பொறிகளைப் பொறுத்தவரை இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொன்றிலும் சிறு மென்பொருள் ஒன்றை நிறுவிவிடுவார்கள். அது உள்ளேயே குடியிருந்து, வீட்டில் உள்ளவற்றையெல்லாம் பார்த்துத் தலைமையிடத்துக்கு ஓலை அனுப்பிக்கொண்டிருக்கும். இதற்கு முகவர் என்று பெயர். ஆனால் ஸ்விட்சிலும் பிரிண்டரிலும் காமிராவிலும் நம் விருப்பப்படி முகவரைக் குடியேற்ற இயலாது. அவற்றின் நினைவகம் சிறிது. உள்ளிருக்கும் மென்பொருள் செய்தவரால் பூட்டப்பட்டது. எனவே மக்கள்தொகைக் கணக்கெடுப்பவர் தெருவில் நடந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கேட்பதைப்போல நாமும் வெளியில் நின்றே கேட்க வேண்டியதாகிறது.

முதற்படி கதவைத் தட்டுவது. 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவத்தின் எறிபடை ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர், இதற்கெனச் சிறு நிரல் ஒன்றை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் கருவியின் ஓசையை நினைத்து அதற்குப் ‘பிங்’ என்று பெயரிட்டார். ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பினால், அங்கே இருப்பவர் அதையே திருப்பி அனுப்புவார். ‘இருக்கிறீரா?’ ‘இருக்கிறேன்.’ அவ்வளவே உரையாடல். சாதாரண அலுவலக வலைப்பிரிவு ஒன்றில் 254 முகவரிகள் இருக்கலாம். அவை அனைத்தையும் தட்டிப் பார்க்கச் சில நொடிகள் போதும். ஆனால் இருக்கிறேன் என்ற குரல் யாருடையது என்பது இதனால் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள வழிசெய்தது 1988 ஆகஸ்டில் வெளியான ஒரு நெறிமுறை. ஜெப்ரி கேஸ், மார்க் பெடோர், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால், ஜேம்ஸ் டேவின் என்னும் நால்வர் அதை வகுத்தனர். எளிய வலை நிர்வாக நெறிமுறை என்பது அதன் பெயர், வழக்கில் எஸ்.என்.எம்.பி. என்பார்கள். பெரியதொரு சர்வதேச நெறிமுறை தயாராகிக்கொண்டிருந்தது. அது வரும்வரை இது இருக்கட்டும் என்றே அன்று கருதினர். பெரிய மாளிகை எழும்பும்வரை தங்குவதற்குப் போட்ட கொட்டகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாளிகைக்குக் குடிவருவோர் அதிகம் இல்லை. கொட்டகையிலோ இன்றும் விளக்கெரிகிறது.

இந்நெறிமுறையில் கேள்விகளுக்குச் சொற்கள் இல்லை, எண்களே உண்டு. ஒரு கருவியிடம் ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்று கேட்க வேண்டுமானால், 1.3.6.1.2.1.1.1 என்ற எண்ணால் கேட்க வேண்டும். பார்த்தால் மருட்சியாக இருக்கும். உண்மையில் இது தபால் முகவரி போன்றதுதான். நாடு, மாவட்டம், ஊர், தெரு என்று இறங்குவதுபோல ஒவ்வோர் எண்ணும் ஒரு படி கீழே இறங்குகிறது. முதல் 1 சர்வதேசத் தர அமைப்பு. மூன்றாவதாக வரும் 6 அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. இணையம் பிறந்த வீடு அதுவே ஆதலால் முகவரியில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. அதன்பின் வரும் 1 இணையம். கடைசியில் உள்ள 1 கருவியின் தன் வரலாறு. இக்கேள்விக்கு விடையாகச் செய்தவர் பெயர், கருவியின் வகை, மென்பொருளின் பதிப்பு ஆகியவை பெரும்பாலும் ஒரே வரியில் வந்துவிடும். உள்ளே செருகிய உறுப்புகளைக் கேட்டறியும் வசதி 1996இல் சேர்ந்தது; வரிசை எண்ணைக் கேட்டறியும் வசதி 1999இல் வந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ‘அடுத்தது என்ன?’ என்னும் கேள்வி. ஸ்விட்ச் ஒன்றில் எத்தனை போர்ட்டுகள், அதாவது கம்பி செருகும் துளைகள், உள்ளன என்பது கேட்பவருக்கு முன்னதாகத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. ஓரிடத்தில் தொடங்கி ‘இதற்கு அடுத்தது என்ன, அதற்கு அடுத்தது என்ன’ என்று கேட்டுக்கொண்டே போகலாம். பாட்டியிடம் கதை கேட்கும் குழந்தையைப்போல, கதை தீரும்வரை கேட்டு முழுப் பட்டியலையும் பெற்றுவிடலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. முகவர் இல்லாத முறை என்று இதை விற்பனையாளர்கள் அழைக்கிறார்கள். ஆனால் கருவிக்குள் இருந்து விடை சொல்லும் பகுதிக்கு எஸ்.என்.எம்.பி. ஏடுகளே தந்திருக்கும் பெயர் முகவர் என்பதுதான்! நாம் குடியேற்றிய ஆள் அல்லர், செய்தவரே உள்ளே அமர்த்திவிட்ட ஆள் என்பதே வேறுபாடு. ஆகவே அவர் சொல்வதைத்தான் நாம் கேட்கிறோம். அவருக்குத் தெரியாததை அவர் சொல்லமாட்டார்.

சில வேளைகளில் தெரிந்ததையும் பிழைபடச் சொல்வார். ‘கடைசியாக உயிர்பெற்று எவ்வளவு நேரமாயிற்று?’ என்று கேட்டால், நொடியில் நூறில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எண்ணிச் சொல்வார். அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 32 பிட். 497 நாள் ஆனதும் இடம் நிரம்பி, எண் சுழியிலிருந்து மீண்டும் தொடங்கிவிடும். ஓராண்டு நான்கு மாதத்துக்கு மேலாக ஒரு கணமும் ஓயாது உழைத்த ஸ்விட்ச், ‘நேற்றுத்தான் எழுந்தேன்’ என்று கூசாமல் கூறும். இது தெரியாத இளைஞர் மின்தடை எப்போது வந்தது என்று தேடிக்கொண்டிருப்பார்.

யார் கேட்டாலும் விடை சொல்லலாமா? பழைய எஸ்.என்.எம்.பி.யில் கேட்பவர் ஓர் அடையாளச் சொல்லைச் சொல்ல வேண்டும். ஆனால் எண்ணற்ற கருவிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அச்சொல் ‘பப்ளிக்’ என்று இருந்தது; பலர் அதை மாற்றவே இல்லை. மாற்றினாலும் அது மூடாத அஞ்சலட்டையில் எழுதியதுபோல வலையில் செல்லும். வழியில் நிற்பவர் எவரும் படிக்கலாம். கேட்பவரை உறுதிசெய்து, பேச்சையும் மறைத்து அனுப்பும் மூன்றாம் பதிப்பு 2002இல் முழுத் தரமாயிற்று. ஊரெங்கும் பழைய அஞ்சலட்டைகளும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எஸ்.என்.எம்.பி.க்கு விடைதராத கருவிகளில், 1995இல் பின்லாந்தில் பிறந்த எஸ்.எஸ்.எச். என்னும் காப்பான வழியே உள்ளே சென்று, நிர்வாகி கட்டளையிட்டுப் படிப்பதையே நிரல் ஒன்றைக்கொண்டு படிக்கச் செய்வதுண்டு.

இதுவரை விடை சொல்பவர்களைப் பற்றியே பேசினோம். விடை சொல்லாதவர்கள்?

2023 அக்டோபர் 16ஆம் நாள், சிஸ்கோ நிறுவனம் தன் ஸ்விட்சுகளிலும் ரௌட்டர்களிலும் ஓடும் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.இ. என்ற மென்பொருளில் பெருங்குறை ஒன்று இருப்பதாக அறிவித்தது. கருவியை நிர்வகிக்கும் வலைப்பக்கம் இணையத்துக்குத் திறந்திருந்தால், கடவுச்சொல் அறியாத அயலானும் முழு அதிகாரம் உள்ள கணக்கு ஒன்றைத் தனக்குப் படைத்துக்கொள்ளலாம். அறிவிப்புக்கு முன்பே திருடர்கள் பலவற்றில் நுழைந்து, தங்கள் நிரலையும் உள்ளே வைத்துவிட்டிருந்தனர். அன்று உலகெங்கும் உள்ள நிர்வாகிகளின் முன் நின்ற கேள்வி ஒன்றே: அக்கருவி நம்மிடம் உண்டா, உண்டென்றால் எங்கே? பட்டியல் வைத்திருந்தவர் சில நிமிடங்களில் விடை கண்டார். இல்லாதவர் அப்போதுதான் தேடத் தொடங்கினார்.

திருடர் வைத்த நிரலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. குறிப்பிட்ட முறையில் கேட்டால் அது ஒரு விடை தரும். அதைக்கொண்டு ஆராய்ச்சியாளர்கள் இணையம் முழுவதையும் தட்டிப் பார்த்துச் சுமார் நாற்பதாயிரம் கருவிகள் சிக்கியிருப்பதாகக் கணக்கிட்டனர். சில நாட்களில் அந்த எண் திடீரென்று மிகச் சிறியதாகிவிட்டது. கருவிகளெல்லாம் தூய்மையாகிவிட்டனவா? இல்லை. சரியான சொல்லைச் சொன்னால் அன்றி வாய் திறக்காதபடி திருடர்கள் தம் நிரலை மாற்றியிருந்தார்கள். டச்சு நிறுவனமான ஃபாக்ஸ் ஐ.டி. வேறொரு விதமாகக் கேட்டபோது, ஏறத்தாழ முப்பத்தெட்டாயிரம் கருவிகள் அங்கேயே இருப்பது அக்டோபர் 23இல் வெளிப்பட்டது. வீட்டார் கதவைத் திறக்கவில்லை என்பதற்காக வீடு காலி என்று எழுதிய கதைதான் இது.

தட்டும் முறைக்கு இன்னொரு இடையூறும் வந்திருக்கிறது. புதிய ஐ.பி.வி.6 முகவரி முறையில் ஒரு வலைப்பிரிவுக்கு 254 அன்று. இருபது இலக்கம் கொண்ட எண்ணளவு முகவரிகள் உண்டு. நொடிக்குப் பத்து லட்சம் கதவுகளைத் தட்டினாலும் தெருக்கோடியை அடைய ஐந்து லட்சத்து எண்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும்.

அனுபவமுள்ள கணக்கெடுப்பாளர் இந்நிலையில் என்ன செய்வார்? பக்கத்து வீட்டில் கேட்பார். வலையிலும் அப்படியே. ரௌட்டரிடம், தான் அண்மையில் எவரெவருடன் பேசியது என்ற பட்டியல் இருக்கிறது. ஸ்விட்சிடம், எந்தப் போர்ட்டின் வழியாக எந்த வன்பொருள் முகவரி வந்தது என்ற பட்டியல் இருக்கிறது. இவ்வன்பொருள் முகவரி 48 பிட் கொண்டது; வழக்கமாக அதன் முதற்பாதியைப் பார்த்தே செய்த நிறுவனத்தைச் சொல்லிவிடலாம். அண்மைக் காலக் கைப்பேசிகள் மட்டும் தம் உரிமையாளரை மறைப்பதற்காகப் பொய் முகவரி சூடுகின்றன. இவையன்றி 2005இல் தரமாக்கப்பட்ட எல்.எல்.டி.பி. என்னும் நெறிமுறைப்படி, பல ஸ்விட்சுகள் சிறிது நேரத்துக்கு ஒருமுறை தம் பெயரை அடுத்த வீட்டாருக்கு அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. அடுத்த வீட்டாரைக் கேட்டால் இவரும் அகப்படுவார்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு கல்லூரியில் இவ்வாறு கணக்கெடுத்தோம். நூலகத் தளத்து ஸ்விட்சிடம் பட்டியல் கேட்டபோது, 17ஆம் போர்ட்டில் ஏழு வன்பொருள் முகவரிகள் தெரிந்தன. எங்கள் பதிவேட்டின்படி அங்கே ஒரே ஒரு கணிப்பொறிதான். ஏழின் முதற்பாதிகளைப் பார்த்தோம். ஐந்து, நாங்கள் வழக்கமாக வாங்கும் கணிப்பொறிகளுடையவை. ஒன்று காமிரா. ஏழாவது, வீடுகளுக்கு விற்கப்படும் வைஃபை பெட்டி ஒன்றைச் செய்யும் நிறுவனத்துடையது. தேர்வுப் பிரிவின் கோப்புகள் இருந்ததும் அதே வலைப்பிரிவில்தான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு போனோம். அது சுவரோரமாகச் சென்று, பழைய நூலட்டைகள் வைத்திருந்த மர அலமாரியின் பின்னே மறைந்தது. அலமாரியை நால்வர் சேர்ந்து நகர்த்தினோம். தூசிக்குள் எட்டுப் போர்ட் கொண்ட சிறிய ஸ்விட்ச் ஒன்று பச்சை விளக்குகள் சிமிட்ட உழைத்துக்கொண்டிருந்தது. அதற்கு முகவரி கிடையாது. பிங்குக்கும் விடை தராது, எஸ்.என்.எம்.பி.யும் அறியாது. வலையில் அது இருந்ததற்கு ஒரே சாட்சி, மேலேயிருந்த ஸ்விட்சின் பட்டியலில் இருந்த அந்த ஏழு வரிகள். அதிலிருந்து கிளம்பிய கம்பி ஒன்று பக்கத்து அறைக்குள் சென்று அந்த வைஃபை பெட்டியில் முடிந்தது. பெட்டியின் கடவுச்சொல், அடியில் தொழிற்சாலை ஒட்டிய காகிதத்தில் இருந்ததுதான்.

வைஃபை பெட்டியை அன்றே கழற்றிவிட்டோம். ஸ்விட்சைப் பதிவேட்டில் ஏற்றினோம். வகை, இடம், இணைந்திருக்கும் போர்ட் என்ற கட்டங்களெல்லாம் நிரம்பின. வாங்கிய நாள், வாங்கியவர் என்னும் இரு கட்டங்களில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.