வட்டியும் குடையும்: பண்டைக் கொள்கலச் சொற்கள் உணர்த்தும் வாழ்முறை

ஒருமுறை பயன்படுத்தி எறியப்படும் பிளாஸ்டிக் பொருள்களுள் 14 வகைகளைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் நாள் தொட்டுத் தடை செய்தது. துணிப்பையை மீண்டும் வழக்கிற்குக் கொணரும் நோக்குடன் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கப்பெற்றது. இந்திய நாடு முழுமைக்குமான தடை 2022 சூலையில் நடைமுறைக்கு வந்தது. இத்தடைகளை ஒட்டி யாண்டும் எழுகின்ற வினா, பிளாஸ்டிக்கிற்கு மாற்றுப் பொருள் யாது என்பதேயாம். பாக்குமட்டைத் தட்டு, துணிப்பை, ஓலைப்பெட்டி எனப் பல விடைகள் கூறப்படுகின்றன. அவை தக்கனவே. எனினும், பொருளை மட்டும் மாற்றுதல் போதுமா என்பது ஆராயத்தக்கது. நம் முன்னோர் கொள்கலங்களை எவ்வாறு பகுத்து வழங்கினர் என்பதைச் சொற்கள் வழி நோக்கின் இவ்வினாவிற்கு விளக்கம் கிடைக்கின்றது.

வட்டி

இன்று வட்டி என்னுஞ் சொல் கடன்மேற் பெறும் ஊதியத்தையே குறிக்கின்றது. சங்க நூல்களிலோ அது முடைந்த கூடையைக் குறிக்கும். ஐங்குறுநூற்று மருதப் பகுதியில் ஓரம்போகியார் பாடிய இரண்டு பாட்டுக்கள் (47, 48) ஈண்டு நோக்கத்தக்கன. முன்னதில், பாண்மகள் தான் கொணர்ந்த கெடிற்று மீனை மனையோளிடம் சொரிகின்றாள். மீன் சொரிந்த அதே வட்டியை மனையோள் பயற்றினால் நிறைக்கின்றாள். பின்னதில், வரால் மீன் சொரிந்த வட்டி பழைய வெண்ணெல்லால் நிறைகின்றது.

மருத நிலத்தின் வளத்தைப் புலப்படுத்துதலே புலவர் கருத்தாகலாம். ஆயினும் பண்டமாற்றின் இயல்பொன்றும் இங்கு உடன் பெறப்படுகின்றது. மீன் வாங்கியவள் வட்டியை வாங்கவில்லை. அது பாண்மகளுடையது, சென்ற வழியே மீளும், மறுநாளும் மீன் சுமக்கும். பண்டம் கைமாறியது, கலம் கைமாறவில்லை. கடகம், நார்ப்பெட்டி, செட்டிநாட்டார் வழங்கும் கொட்டான் என்பனவும் இவ்வினத்தனவே. இவற்றை ‘மீள்கலம்’ எனக் குறிக்கலாம்.

குடை

இதற்கு மறுதலையானது குடை. மழைக்குப் பிடிக்கும் குடையன்று. ஓலையைக் குழிவுறக் கோலிய உண்கலம். புறநானூற்று 177-ஆம் பாட்டில், மல்லி கிழான் காரியாதியைப் பாடிய ஆவூர் மூலங்கிழார், வருவோர்க்கு வரையாது வழங்கிய ஊன்சோற்றை அவர்கள் பனங்குடையில் உண்டமை கூறுகின்றார். விடியற்காலையில் வந்தவர் எத்துணையரோ, அத்துணைக் குடைகள் கோலப்படும். உண்டபின் அவற்றைக் கழுவி அடுக்கவேண்டுவதில்லை.

இவ்வழக்கு முற்றும் மறைந்திலது. தென்மாவட்டங்களிற் பதநீர் பருகப் பச்சைப் பனையோலையை மடித்துக் கட்டும் ‘பட்டை’ பனங்குடையின் வழித்தோன்றல் போலும். வாழையிலை, மந்தாரை இலைகளை ஈர்க்கினால் தைத்த தையல் இலை, தொன்னை ஆகியனவும் இவ்வினத்தனவாம். பருகி எறிந்த பட்டை ஆட்டிற்கு இரையாகலாம், மக்கி எருவாகலாம். இவற்றை ‘எறிகலம்’ என்க.

இரண்டன் வேறுபாடு

ஆக, ஒரே பனையிலிருந்து இருவகைக் கலங்களும் தோன்றின. கிழித்து, உலர்த்தி, விளிம்பில் நார் பொத்தி, நாட்கணக்கில் உழைத்து முடைந்தது பல்லாண்டு நின்றது. நொடிப்பொழுதில் மடித்தது அன்றே கழிந்தது. ஒரு கலத்தின் மேற் செலவாகிய உழைப்பும், அது பயன்படும் காலமும், அது மண்ணொடு கலக்கும் காலமும் தம்முள் ஒத்திருந்தன. ‘பெட்டி’ என்றவுடன் பேணத்தக்கது என்பதும், ‘பட்டை’ என்றவுடன் எறியத்தக்கது என்பதும் வழங்குவோர்க்கு விளங்கின. தனியே அறிவுறுத்தல் வேண்டப்படவில்லை.

பாலித்தீன் 1933-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. அதனாலாகிய கைப்பிடிப் பைக்குச் சுவீடன் நாட்டு நிறுவனமொன்று 1965-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. எடை குறைந்தது, விலை குறைந்தது, நீர் புகாதது ஆகிய நலங்கள் அதற்குண்டு. அந்நலங்களாலேயே அது ஓலையையும் இலையையும் வென்றது என்பதை மறைத்தல் நேர்மையன்று. அதன் குற்றம் பிறிதோரிடத்தில் உள்ளது. வட்டியினும் நெடிது நிற்கும் பொருளை அது குடையைப்போல் எறியச் செய்தது. எறிந்தபின்னும் அது மக்குவதில்லை. வெயிலில் நைந்து நுண்டுகள்களாகி மண்ணிலும் நீரிலும் தங்குகின்றது. மீள்கலத்தின் நீடிப்பும் எறிகலத்தின் கழிவும் ஒரு பொருளிற் கூடிய கேடு இதுவாம்.

இவ்வளவையைக் கொண்டு இற்றை மாற்றுப் பொருள்களையும் நோக்கலாம். துணிப்பை மீள்கலம். பருத்தி விளைவிக்க நீர் மிகுதியும் வேண்டப்படும். நூற்கவும் நெய்யவும் தைக்கவும் உழைப்பு வேண்டப்படும். திருமண வீட்டில் வாங்கிய துணிப்பையை ஒருமுறை பயன்படுத்தி மூலையில் எறிவோமாயின், வட்டியைக் குடையாகக் கொண்ட பிழையையே மீண்டுஞ் செய்கின்றோம். பிளாஸ்டிக் பூசிய தாள்தட்டு கண்ணிற்கு எறிகலம்போல் தோன்றும். உள்ளிருக்கும் பூச்சோ மக்காதது. 2019-ஆம் ஆண்டுத் தடைப் பட்டியலில் இதுவும் சேர்க்கப்பட்டிருத்தல் பொருத்தமுடைத்து. பாக்குமட்டைத் தட்டு தானே உதிர்ந்த மட்டையை அழுத்திச் செய்யப்படுவது, மக்குவது, எனவே உண்மையான எறிகலம்.

பழமையைப் போற்றிய அளவில் இவை மீளும் என்று கருதுதலும் பொருந்தாது. ஓலை எண்ணெயையும் குழம்பையும் நெடும்பொழுது தாங்காது. பனையேறுதல் உயிருக்கு ஊறு நேரத்தக்க தொழில். ஏறுவோர் அருகி வருகின்றனர். முடைதல் பெரும்பாலும் மகளிர் உழைப்பு. அதற்கேற்ற கூலி கிடையாவிடின் அடுத்த தலைமுறை அத்தொழிலை மேற்கொள்ளாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என 2021-இல் அரசு அறிவித்தமை மரத்தைக் காக்கும். முடைவோரைக் காக்க வாங்குவோரே முன்வருதல் வேண்டும்.

தமிழ்த்துறையின் கடன்

இந்நிலையில் தமிழ் பயில்வார்க்கும் ஒரு கடன் உண்டு. கடகம் முதலிய சொற்களுக்கு அகராதிகள் பொதுவாக ‘ஓலைப்பெட்டி’ என்னும் அளவிலேயே பொருள் தருகின்றன. எவ்வோலையால் முடைவது, எத்துணை அளவினது, எதனை இடுவது, எத்துணை நாள் நிற்பது என்பன அங்கு இல்லை. முடைவோர் நாவிலோ குருத்தோலை, பச்சையோலை, காவோலை என ஓலையின் பருவந்தோறும், ஈர்க்கு, நார், மட்டை என உறுப்புத்தோறும் சொல் வேறு, பயன் வேறு. இச்சொற்களின் பொருள் என்பது செய்முறையே. முடைபவர் மறையின் எஞ்சுவது பொருள் அறியப்படாத ஒலியே.

வட்டி என்னுஞ் சொல்லுக்கு நேர்ந்தது இதுவேயாம். கூடையைக் குறித்த சொல் கடைத்தெருவில் வேறு பொருளுக்குரியதாயிற்று. கூடைப்பொருளை அறிய இன்று நூலைத் திறக்கவேண்டியுள்ளது. பட்டைக்கும் கொட்டானுக்கும் அந்நிலை இன்னும் எய்தவில்லை. மணப்பாடு முதலிய ஊர்களில் ஓலை முடைவோர் இன்றும் உளர். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், தத்தம் ஊரில் முடைவோர் அருகிருந்து, கலத்தின் பெயரையும் அது செய்யப்படும் முறையையும் ஒருங்கே எழுதிக்கொணர்வாராயின், அது சொற்றொகுப்பாதலோடு, வாழ்முறை ஒன்றை வேண்டுங்கால் மீட்டுக்கொள்ளுதற்குரிய குறிப்பேடாகவும் அமையும்.