நாய் வளர்ப்பிற் சிக்கனம்

சிக்கனம் வேறு, உலோபம் வேறு. இவ்வேறுபாட்டை நாய் வளர்ப்போர் நன்குணர்தல் வேண்டும். எச்செலவைக் குறைக்கலாம், எதனைக் குறைத்தலாகாது என ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண், நாயைத் தேர்தலிலேயே சிக்கனம் தொடங்குகின்றது. குளிர்நாட்டு நாய்கள் நம் வெயிலில் வருந்தும். இராஜபாளையம், சிப்பிப்பாறை முதலிய நாட்டினங்கள் அதனைத் தாங்கும். இரண்டாவது, உணவு. விலையுயர்ந்த டப்பா உணவு இன்றியமையாததன்று. சோற்றுடன் முட்டையேனும் வெந்த இறைச்சியேனும் கூட்டி இடலாம். ஆயின், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சாதலின், மிஞ்சிய குழம்புச் சோற்றை இடுதல் சிக்கனமாகாது. பின்னர் மருத்துவச் செலவாகவே முடியும்.

வெறிநோய்த் தடுப்பூசியை மட்டும் ஒருபோதுங் கைவிடலாகாது. அந்நோயின் குறிகள் தோன்றியபின் உயிர்பிழைத்தல் அரிதினும் அரிது. நாயோடு நில்லாது, அதனாற் கடியுண்ட வீட்டாரையும் அது மாய்க்கும். 1885 ஜூலை 6-இல் பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர், வெறிநாய் கடித்த சிறுவனொருவனுக்கு இந்நோய்த் தடுப்பூசியை முதன்முதலாக இடுவித்தார். அந்நாளையொட்டித் தமிழ்நாட்டு அரசினர் கால்நடை மருத்துவமனைகள் பலவற்றில் நாய்கட்கு இவ்வூசியை இலவசமாக இடுகின்றனர். ஆகவே, பொருளின்மையைக் கூறி இதனைத் தவிர்த்தற்கு யாதொரு காரணமுங் காணோம்.