தண்ணீர் குடித்து இறுகும் கல்

கான்கிரீட்டைக் கெட்டியாக்குவது வெயில் அல்ல. வறண்ட சீமையில் வீடு கட்டுவோர் அறிய வேண்டிய ரசாயனம் இது.

காட்பாடி-திருப்பதி ரயில் பாதையில் இருக்கும் பாகாலா போன்ற ஊர்களில், கோடையில் தளம் போடுபவருக்கு ஒரு நிம்மதி. 'அடிக்கிற வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும்.' காய்வதுதான் ஆபத்து என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் சுட்டு அரைத்ததே சிமென்ட். அதில் பெரும்பங்கு கால்சியம் சிலிக்கேட். தண்ணீர் பட்டதும் துகளின் மேற்புறம் கரைந்து, அதைச் சுற்றிக் கூழ் போன்ற ஒரு பொருள் படிகிறது. விஞ்ஞானிகள் இதை 'ஜெல்' என்கிறார்கள். பக்கத்துத் துகள்களின் கூழும் இதோடு பின்னிக்கொள்ள, மணலும் ஜல்லியும் நடுவில் சிக்கிக் கல்லாகின்றன. சில மணி நேரத்தில் இறுகினாலும், பலம் ஏறுவது நாள்கணக்கில். பொறியாளர்கள் 28-ம் நாள் வலிமையை அளவுகோலாக வைத்திருப்பது இதனால்தான்.

உள்ளே ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் இந்த வினை கிட்டத்தட்ட நின்றுவிடும். அப்புறம் தளத்தின் மேற்பரப்பு பொடியாக உதிரும். விரிசல் வழியே நீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். அதற்காகக் கலவையிலேயே தண்ணீரை அதிகம் ஊற்றுவதும் தவறு. மிஞ்சிய நீர் ஆவியான இடமெல்லாம் நுண்துளைகளாகும். கலக்கும்போது அளவாக, இறுகிய பின் தாராளமாக என்பதே விதி.

இப்போது கடைகளில் பரவலாக விற்கும் பி.பி.சி. ரக சிமென்ட்டில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல் மின் நிலையச் சாம்பல் இருக்கிறது. சிமென்ட் வினையில் வெளிப்படும் சுண்ணாம்போடு சாம்பலின் சிலிக்கா சேர்ந்து மேலும் கூழ் உண்டாகிறது. ஆனால் மெதுவாக. எனவே ஈரமும் கூடுதல் நாள் வேண்டும்.

இது புது வித்தை அல்ல. சுண்ணாம்போடு சுட்ட செங்கல் தூளான சுர்க்கியைக் கலந்த பழைய கொத்தனார்கள் செய்ததும் இதையேதான். 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை இந்தச் சாந்தில் எழுந்தது.

ஐ.எஸ். 456 எனும் இந்தியத் தர விதி (2000) சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் கேட்கிறது. வறண்ட வெயிலிலும் கலப்பு சிமென்ட்டுக்கும் 10 நாள். கலப்பு ரகத்துக்கு 14 நாள் நல்லது என்கிறது. தளத்தில் பாத்தி கட்டி நீர் நிறுத்தலாம். தூண்களுக்கு ஈரச் சாக்கு சுற்றலாம். தண்ணீர்ப் பஞ்சமா? சாக்கின் மேல் பாலிதீன் தாளைப் போர்த்தினால் ஈரம் ஆவியாவது குறையும்.

வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக் கட்டும் வீடு. அதற்கு இன்னும் சில லாரித் தண்ணீர் வீண் செலவல்ல.