ஷிப்டை விட்டது கெர்னலுக்குத் தெரியுமா?

கேப்ஸ் லாக் விளக்கு எரியவில்லை. ஆனாலும் பெரிய எழுத்துகளாகவே விழுகிறதா? கீபோர்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள்.

பிஎஸ்/2 கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை, வெறும் எண்தான். இடது ஷிப்டை அழுத்தினால் கெர்னலில் உள்ள கீபோர்டு டிரைவருக்கு 42 வந்து சேரும். விரலை எடுத்தால் அதோடு 128 கூட்டி 170. இந்த 170 தவறிப்போனால், நீங்கள் இன்னும் ஷிப்டை அழுத்திக்கொண்டிருப்பதாகவே கெர்னல் நினைக்கும்.

லினக்ஸில் பழகுவதற்காக நான் எழுதிய டிரைவரில் 170-ஐக் கவனிக்க மறந்துவிட்டேன். அந்த டிரைவரை நீக்கும் கமாண்டையோ சின்ன எழுத்தில் அல்லவா டைப் செய்ய வேண்டும்! வேறு வழியின்றி பவர் பட்டனை அமுக்கினேன். சேமிக்காத இரண்டு மணி நேர வேலை போயிற்று.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் இரண்டு ஷிப்ட் கீகளையும் ஒருமுறை அழுத்தி விடுங்கள். தவறிய எண் மறுபடி போய்ச் சேரும். தொடர்ந்து 5 முறை தட்டாதீர்கள், விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் வந்து நிற்கும்.