அரைமணி நேரத்தின் காவலர்கள்

பண்டை அரசர்தம் பாசறையில் பொழுதை அளந்து சொல்வதற்கென்றே சிலர் இருந்தனர் என்பதை முல்லைப்பாட்டைக் கற்றோர் அறிவர். நாழிகை வட்டிலின் நீரைக் கண்டு, இரவில் இத்தனை பொழுது கழிந்தது என்று அவர்கள் மன்னனுக்கு அறிவிப்பார்கள். படைத்தலைவனுக்கு உரிய புகழ் அவர்களுக்கு இல்லை. அவர்களுடைய பெயரும் நமக்குக் கிட்டவில்லை. ஆயினும், அவர்கள் ஓரிரவு கண்ணயர்ந்திருப்பின் பாசறையின் காவல் முறை முழுவதுமே தடுமாறியிருக்கும்.

அத்தகைய நாழிகைக் கணக்கர் இக்காலத்திலும் இருக்கின்றனர். நம் மேசைமீதுள்ள கணினியும் கையிலுள்ள தொலைபேசியும் காட்டும் மணி பிழையின்றி இருப்பதற்கு அவர்களும் ஒரு காரணர். அவருட் பெரும்பாலோர் கூலி பெறாது பணியாற்றும் தொண்டர். அவர்களுடைய தொண்டின் சிறப்பு யாது, அதன் எல்லை யாது என்பதை அறிய விரும்புவோர் மன்னார் மாவட்டத்தை நினைத்துப் பார்த்தல் வேண்டும். ஏனெனில், ஏறக்குறையப் பத்தாண்டுக் காலம் அந்த ஒரு மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு நேரங்கள் வழங்கின.

ஒரு மாவட்டம், இரு நேரம்

1996ஆம் ஆண்டில் இலங்கையில் மின்சாரத்துக்குப் பெருந் தட்டுப்பாடு உண்டாயிற்று. மாலை விளக்கேற்றும் வேளையைத் தள்ளிப்போடக் கருதி, அவ்வாண்டு மே 25ஆந் தேதி முதல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளிற்று. கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியிருந்த இலங்கை, ஆறரை மணி முந்தியதாயிற்று. ஐந்து மாதம் கழித்து, ஒக்டோபர் 26ஆந் தேதி, அதில் அரைமணி குறைக்கப்பட்டு ஆறு மணி என வகுக்கப்பட்டது. அந்த ஆறு மணிக் கணக்கு 2006 ஏப்ரல் நடுப்பகுதிவரை நிலைத்தது. பின்னர் நாடு பழைய ஐந்தரைக்கே திரும்பிற்று.

ஆனால் விடுதலைப் புலிகளின் ஆட்சிக்குட்பட்ட பகுதிகள் இம்மாற்றத்தைத் தொடக்கத்திலிருந்தே ஏற்கவில்லை. அங்குள்ள கடிகாரங்கள் ஐந்தரை மணிக் கணக்கிலேயே ஓடின. மன்னார் தீவும் நகரும் அரசாங்கத்தின் கையில். பாலத்தைக் கடந்து பெருநிலப்பரப்பில் உட்சென்றால் மடு உள்ளிட்ட பல ஊர்கள் மறுதரப்பின் கையில். இரண்டுக்கும் இடையே உயிலங்குளத்தில் ஒரு கடவை. அந்தக் கடவை, மக்களும் பொருளும் கடக்கும் வாயிலாக இருந்ததோடு அரைமணி நேரத்தையும் கடக்கும் வாயிலாக இருந்தது. உட்பகுதியிலிருந்து கச்சேரிக் காரியமாக வருபவர் தம் கைக்கடிகாரப்படி ஒன்பதுக்கு மன்னார் நகரை அடைந்தால், நகரத்தில் அப்போது ஒன்பதரை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை உண்டாகிப் போக்குவரத்துப் பெருகியபோது, இந்த அரைமணிக் கணக்கைப் போடவேண்டியவர் தொகையும் பெருகிற்று. 'பழைய நேரமா, புதிய நேரமா?' என்பது அக்காலத்தில் இலங்கையிற் பலரும் கேட்டுப் பழகிய கேள்வி.

இரண்டில் எது மெய்யான நேரம் என்று ஒருவர் வினவலாம். சூரியனை நடுவராக வைத்தால் இரண்டும் மெய்யல்ல. மன்னார் நகரம் கிழக்கு நெட்டாங்கு ஏறக்குறைய 79.9 பாகையில் உள்ளது. பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிட்டால், மன்னாரின் சூரிய நேரம் கிறீன்விச்சுக்கு ஐந்து மணி இருபது நிமிடத்துக்குச் சற்றே குறைவாக முந்தியிருக்கும். எனவே 'பழைய நேரம்' சூரியனுக்குப் பத்து நிமிடம் முந்தியது. 'புதிய நேரம்' நாற்பது நிமிடம் முந்தியது. அவ்வளவே வேறுபாடு. மணி என்பது ஆணையாலும் உடன்பாட்டாலும் அமைவது. ஆணைகள் மாறுவன, ஆதலால் அவற்றைக் குறித்து வைக்க ஒரு ஏடும், அந்த ஏட்டைக் காக்க ஆட்களும் வேண்டியதாகிறது.

உலகத்தின் நேர ஏடு

அப்படி ஓர் ஏடு உண்டு. நேர வலயத் தரவுத்தளம் என்பது அதன் பெயர். 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் அதைத் தொடங்கினார். 2005 முதல் அதன் பொறுப்பை ஏற்று நடத்தி வருபவர் போல் எகர்ட். லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கணினியியல் கற்பிப்பவர். எந்த நாடு எந்த நாளில் தன் நேரத்தை மாற்றிற்று என்பதை உலகின் பல பாகங்களிலிருந்தும் அன்பர்கள் எழுதி அனுப்புகிறார்கள். சான்று பார்த்து அவர் ஏட்டிற் சேர்க்கிறார்.

கொழும்பின் வரலாறு அதில் ஒன்பது வரிகளில் அடங்கிவிடுகிறது. 1880 வரை கொழும்பின் சூரிய நேரம். அதன்பின் மொறட்டுவை நேரம். 1906 முதல் ஐந்தரை மணி. 1942இல், இரண்டாம் உலக யுத்த காலத்தில், முதலில் அரைமணியும் பின்னர் ஒரு மணியும் கூட்டப்பட்டமை. 1945 ஒக்டோபரில் அது நீக்கப்பட்டமை. பின்னர் நாம் மேலே கண்ட 1996, 2006ஆம் ஆண்டு மாற்றங்கள். 1996ஆம் ஆண்டு இரண்டாம் மாற்றத்துக்குச் சான்றாக, அன்றைய ஊடக அமைச்சர் தர்மசிறி சேனநாயக்கவின் அறிவித்தல் அவ்வேட்டில் எடுத்தாளப்பட்டிருக்கிறது. 2006ஆம் ஆண்டு மாற்றத்தை, அது நிகழ்வதற்கு முந்திய நாளில், செய்தியொன்றைச் சான்று காட்டி எழுதி அனுப்பியவர் ஒரு தொண்டர்.

பொதிகளும் அவற்றைக் காப்போரும்

ஏட்டிற் பதிந்த செய்தி மன்னாரிலுள்ள ஒரு பாடசாலைக் கணினிக்கு எவ்வாறு வந்து சேர்கிறது? இங்கேதான் இன்னொரு கூட்டத்தாரின் தொண்டு தொடங்குகிறது.

லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தைப் பலர் அறிவர். அதை வழங்குவோர் ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சிறு சிறு பொதிகளாகக் கட்டி, ஒன்றோடொன்று முரணாதவாறு சேர்த்து அளிக்கின்றனர். அத்தகைய வழங்கல்களுள் பழமையும் பெருமையும் வாய்ந்தது டெபியன். 1993 ஆகஸ்ட் 16ஆந் தேதி இயன் மர்டொக் என்பவர் அதை அறிவித்தார். 2025 ஆகஸ்டில் வெளிவந்த அதன் பதிப்பில் ஏறக்குறைய 70,000 பொதிகள் உள்ளன. இவற்றைக் காப்பவர்கள் உலகெங்கும் பரந்துள்ள தொண்டர்கள். சிலர் தாம் வேலை பார்க்கும் நிறுவனத்தின் ஊதியத்திலேயே இதையும் செய்கின்றனர். மற்றையோர் தம் ஓய்வு நேரத்தை ஈகின்றனர். 2023 செப்டெம்பரில் இவர்களுடைய ஆண்டு மாநாடு நமக்கு அண்மையிலேயே, கேரளத்துக் கொச்சியில், நடைபெற்றது.

ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளர் பெயர் எழுதப்பட்டிருக்கும். மூல ஆசிரியர் புதிய பதிப்பை வெளியிட்டால் அதைப் பெற்று, ஆராய்ந்து, கட்டி, சோதித்து, தம் கையொப்பமிட்டு அனுப்புவது அவர் கடமை. என்ன மாற்றம், எந்நாளில், யார் செய்தது என்பது பொதியோடு சேர்ந்த குறிப்பேட்டில் பதியப்படும். பராமரிப்பாளர் களைத்து விலகினால் அப்பொதியை 'அநாதை' என்று வெளிப்படையாக அறிவிப்பர். வேறொருவர் அதைத் தத்தெடுக்கும் வரை ஒரு பொதுக்குழு பார்த்துக்கொள்ளும். மென்பொருள் தானே தேய்ந்து போவதில்லை. அதைச் சுற்றியுள்ள உலகம் மாறிக்கொண்டே இருப்பதால், கவனியாது விடப்பட்டது பிழைபட்டுப் போகிறது. குளக்கட்டை ஆண்டுதோறும் பார்த்து மண்ணிடும் உழவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நேர ஏடும் இவ்வாறு ஒரு பொதியாகக் கட்டப்படுகிறது. அதைக் காப்பவருக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. டெபியனின் நிலையான பதிப்பு ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளிவருவது. வெளிவந்தபின், பாதுகாப்புக் குறைகளையும் பெரும் பிழைகளையும் திருத்துவதன்றி, புதுப் பதிப்புகளை அதில் நுழைப்பதில்லை என்பது அவர்கள் விதி. மாறாமையே அதன் சிறப்பு. ஆனால் அரசுகள் அவ்விதியை அறியா. ஒரு நாட்டின் அமைச்சரவை வெள்ளிக்கிழமை கூடி ஞாயிற்றுக்கிழமை நேரத்தை மாற்றிவிடலாம். ஆகையால் நேரப் பொதிக்கு விதிவிலக்கு அளித்து, அதற்கென ஒரு விரைவு வழியையும் வைத்திருக்கின்றனர்.

2023 மார்ச்சில் லெபனானில் நடந்தது இதற்கு நல்ல சான்று. கோடைகால நேரத்துக்கு மாறவேண்டிய நாளை அவ்வரசு சில நாள் முன்னறிவிப்போடு தள்ளிவைத்தது. மரோனைட் கிறிஸ்தவ திருச்சபை அதை ஏற்கவில்லை. சில நாட்கள் ஒரே நாட்டில் இரு நேரம் நிலவிற்று. நேர ஏட்டார் முதலில் அரசின் ஆணையைப் பதிந்து ஒரு பதிப்பை வெளியிட்டனர். அரசு தன் முடிவைக் கைவிட்டதும், ஐந்து நாட்களுக்குள், அதை நீக்கி மறுபதிப்பு வெளியிட்டனர். ஒவ்வொரு முறையும் பொதி காப்போர் மீண்டும் கட்டி அனுப்பவேண்டியதாயிற்று.

இயந்திரம் படியாத வரி

இனி மன்னாருக்கு மீள்வோம். அரசாங்கத்தின் ஆறு மணிக் கணக்கு ஏட்டில் ஏறிவிட்டது. உயிலங்குளத்துக்கு அப்பால் ஓடிய ஐந்தரை மணிக் கணக்கு என்னவாயிற்று?

அதுவும் அவ்வேட்டில் இருக்கிறது. ஆனால் வேறொரு தகுதியில். புலிகள் 1996ஆம் ஆண்டு மாற்றத்தை ஏற்காது இந்திய நேரத்தோடு ஒத்திருந்தனர் என்ற செய்தியறிக்கை ஒன்றையும், அப்பகுதி மக்கள் கொல்கத்தா வலயத்தைப் பயன்படுத்திக் கொள்ளலாம் என்னும் எகர்ட்டின் 2006 ஏப்ரல் குறிப்பையும் அங்கே காணலாம். 1970க்குப் பின் இந்திய நேரத்தோடு முற்றும் ஒத்துச் சென்ற பகுதிக்குத் தனி வலயம் வேண்டியதில்லை என்பது அவர்கள் கொண்ட நெறி. நெறி பழுதன்று. ஆனால் இச்செய்தி நிற்பது விளக்கக் குறிப்பு வரிகளில். மனிதர் படிப்பதற்காக எழுதி, இயந்திரம் படியாது தாண்டிச் செல்லும் வரிகளில். ஏடு பொதியாகக் கட்டப்பட்டு நம் கணினியில் நிறுவப்படும்போது அவ்வரிகள் உதிர்ந்துவிடுகின்றன. எஞ்சுவது கொழும்புக்கு ஒரே ஒரு கணக்கு.

இதனால் வரும் கேடு என்ன? 1999இல் மன்னார்ப் பெருநிலப்பரப்பின் உட்பகுதியில் ஒரு குழந்தை காலை ஆறு மணிக்குப் பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் குறித்தது பழைய நேரம். இன்று அக்குறிப்பைக் கணினியிலிட்டு 'இலங்கை' என்று தெரிந்தால், அது ஆறு மணிக் கணக்கையே கொள்ளும். முடிவு அரைமணி தவறும். சோதிடத்தை நம்புவோர்க்கு இது சிறு தவறன்று. இலக்கினம் ஓர் இராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டு மணி செல்லுமாதலால், அரைமணி என்பது இராசியின் காற்பங்கு. சோதிடத்தை நம்பாதார்க்கும், ஓர் எறிகணை வீழ்ந்த வேளையையோ, ஒரு மரணம் நிகழ்ந்த வேளையையோ இரு தரப்பு அறிக்கைகளை ஒப்புநோக்கி ஆராயும் வரலாற்று மாணவர்க்கும், அந்த அரைமணி ஓர் உண்மையைப் பொய்யாக்கப் போதியது.

இவ்வேடே ஒருகால் இல்லாது போகவும் நேர்ந்தது. 2011 செப்டெம்பர் இறுதியில், அமெரிக்காவின் சோதிட மென்பொருள் நிறுவனமாகிய அஸ்ட்ரோலேப், பழைய நேர விவரங்களுக்குத் தானே உரிமையாளர் என்று ஓல்சன்மீதும் எகர்ட்மீதும் வழக்குத் தொடுத்தது. ஒக்டோபர் மாதத்தில் ஏடு இருந்த இடம் மூடப்பட்டது. சில நாட்களுள் இணையப் பெயர்களையும் எண்களையும் நிருவகிக்கும் அமைப்பு அதற்கு அடைக்கலம் அளித்தது. 2012 பெப்ரவரியில் அந்நிறுவனம் மன்னிப்புக் கோரி வழக்கை மீட்டுக்கொண்டது. உலகக் கணினிகள் பல சார்ந்திருந்த ஓர் ஏடு, தனிமனிதர் இருவரின் தோள்மீது நின்றதென்பதைப் பலர் அப்போதுதான் உணர்ந்தனர்.

நம் பங்கு

தொண்டர்களைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. தொலைவிலுள்ள ஒருவர், தமக்கு அறிமுகமில்லாத வன்னி மண்ணின் கடிகாரத்தைக் குறித்து வைத்தாரே, அதுவே போற்றத்தக்கது. நம்முள் எத்தனை பேர் அதைக் குறித்து வைத்தோம் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அவர் ஆதாரமாகக் கொள்ளக் கிடைத்தது செய்தி நிறுவனமொன்றின் அறிக்கை. உள்ளூரார் எழுதிய ஒரு வரியும் அவ்விடத்தில் இல்லை.

செய்யத்தக்கவை சில உண்டு. இடப்பெயர்வுகளுக்குத் தப்பிய பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகங்கள், கோயில், தேவாலயப் பதிவேடுகள், நாட்குறிப்புகள் ஆகியவற்றில் 1996 முதல் 2006 வரை குறிக்கப்பட்ட மணி எந்த நேரத்துக்குரியது என்பதை, நினைவுள்ளோர் இருக்கும்போதே, ஆசிரியர்கள் கேட்டு அருகே எழுதி வைக்கலாம். எந்த ஊரில் எந்நாள் முதல் எந்நாள்வரை எந்த நேரம் வழங்கிற்று என்னும் பட்டியல் ஒன்று, சான்றுகளோடு, உருவாகுமாயின் அது வரலாற்றுக்கு ஆகும். நேர ஏட்டாருக்கும் அனுப்பத்தகும்.

கணினி கற்கும் மாணவர்கள் இன்னும் ஒருபடி மேற்செல்லலாம். இலங்கைத் தமிழின் விசைப்பலகை அமைப்பும், நாள், மாதம், நாணயம் பற்றிய நம் நாட்டுத் தமிழ் வழக்கின் விவரங்களும் இன்று லினக்ஸ் பொதிகளில் இடம்பெற்றிருக்கின்றன. அவற்றிற் பிழை காணின் சுட்டுவதும், மாற்றம் வரின் அறிவிப்பதும் பெரும் புலமை வேண்டும் காரியங்கள் அல்ல. பொறுமையும் தொடர்ச்சியுமே வேண்டும். ஒரு பொதியைத் தத்தெடுத்துக் காக்கும் ஒருவர் மன்னாரிலிருந்தோ மடுவிலிருந்தோ எழுவாராயின், அவர் பெயர் அப்பொதியின் குறிப்பேட்டில் நிற்கும். முல்லைப்பாட்டின் நாழிகைக் கணக்கருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.